கையெழுத்து யாருடையது?

"தாய்மை தெய்வீகமானது" என்கிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன சொல். மேடையிலே அதை முழங்கிவிட்டு வீடு திரும்பி, "உன்னைக் கேட்டா பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும்?" என்று மனைவியைப் பார்த்துச் சீறுகின்ற ஆடவர் எத்தனை பேர்! தெய்வம் என்று அழைத்துவிட்டால் போதும், மனிதப் பிறவிக்குரிய உரிமை எதையும் தரவேண்டியதில்லை என்பது இந்நாட்டுச் சனாதனம் கண்டுபிடித்த தந்திரம். கல்லைத் தெய்வம் என்றார்கள், அது பேசாதிருந்தது. பெண்ணைத் தெய்வம் என்றார்கள். அவளும் பேசாதிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

புதுக்கோட்டைச் சீமையைப் பாருங்கள், தோழர்களே! திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளின் உருவம் பொறித்த அம்மன் காசு புழங்கிய பூமி அது. தொண்டைமான் மன்னர்கள் தம்மைப் 'பிரகதாம்பாள் தாசர்' என்றே சொல்லிக்கொண்டனர். காசிலே பெண், கருவறையிலே பெண், அரசுக்கு அதிபதியாகவும் பெண். அத்தகைய பூமியிலே, 1886ஆம் ஆண்டு பிறந்த முத்துலட்சுமி என்னும் இளம்பெண் மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது என்ன நடந்தது? குடி முழுகிவிட்டதுபோல் கூச்சல் எழுந்தது. ஒரு பெண் வந்து அமர்ந்தால் ஆண்பிள்ளைகளின் ஒழுக்கம் கெட்டுவிடுமாம்! அம்மன் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தபோது கெடாத ஒழுக்கம், ஒரு மாணவியின் முகத்தைக் கண்டதும் கெட்டுவிடுமாம்! மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆணையிட்ட பிறகே கதவு திறந்தது. அந்தப் பெண் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னர்ச் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத்தலைவராக அமர்ந்து, பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்கப் போராடினார். அதைச் சட்டம் முற்றிலும் தடைசெய்தது 1947இல். இத்தனை ஆண்டுத் தாமதத்துக்குக் காரணம் என்ன? "சாத்திரம் இருக்கிறது, சம்பிரதாயம் இருக்கிறது, கோயில் உரிமை இருக்கிறது" என்று வாதாடிய கனவான்கள் அந்நாளில் நிரம்ப இருந்தனர். அந்தப் பெண்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் உடல் பற்றிய வழக்கிலே அவர்களைத் தவிர மற்ற எல்லோரும் கட்சிக்காரர்கள்!

டாக்டர் முத்துலட்சுமி கருக்கலைப்பு உரிமைக்காக வாதாடினார் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர் காலத்துப் போர் வேறு. ஆனால் அன்று எழுந்த அதே வினா இன்றும் நிற்கிறது: பெண்ணின் உடல் யாருடையது? கோயில் கருவறைக்குள் பெண் நுழையக்கூடாது என்கிறார்கள். பெண்ணின் கருவறைக்குள்ளோ சாத்திரக்காரர், மாமியார், மைத்துனர், மருத்துவர், நீதிபதி என்று ஊரே நுழையலாம். இதுதான் நீதியா?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம் இளைஞர் பலருக்கு இது தெரியாது; தெரிந்தவர்களும் பாதிதான் தெரிந்திருக்கிறார்கள்.

மெக்காலேயின் வரைவிலிருந்து வெள்ளையர் ஆட்சி 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தை இயற்றியது. அதன் 312ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்கும் நோக்கமின்றிக் கருவைக் கலைப்போருக்கு மூன்றாண்டுச் சிறை, கருவில் அசைவு தோன்றிய பின் என்றால் ஏழாண்டுச் சிறை என்றது. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இப்பிரிவுக்குள் அடங்குவாள் என்று ஒரு விளக்கமும் சேர்த்தது. அதன் விளைவு என்ன? கரு கலைவது நிற்கவில்லை, ஒளிவிடம் தேடியது. எருக்கங்குச்சியும் இருட்டறையும் மருத்துவமனையாயின. குருதி வற்றி மாண்டவளுக்குக் 'காய்ச்சல்' என்று பெயர் சூட்டி விடியுமுன் எரித்த கதைகள், தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கிழவியைக் கேட்டாலும் கிடைக்கும்.

இந்தச் சாவுகளை எண்ணித்தான் மைய அரசு 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைத்தது. அதன் பரிந்துரையின் வழியே 1971இல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் பிறந்து, 1972 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க உச்சநீதிமன்றம் ரோ வழக்கில் தீர்ப்பளித்தது 1973இல். அதை அதே நீதிமன்றம் 2022இல் தூக்கி எறிந்தது. அவர்களுக்கு முன்பே நாம் சட்டம் செய்துவிட்டோம் என்று மார் தட்டுவோர் உண்டு. தட்டட்டும். ஆனால் அச்சட்டத்தைத் திறந்து ஒரு முறை படித்துப் பார்க்கட்டும்! 'பெண் விரும்பினால் கருவைக் கலைக்கலாம்' என்று அதில் எங்குமே இல்லை. பெண்ணின் உயிருக்கோ, உடல்நலத்துக்கோ, மனநலத்துக்கோ கேடு வரும் என்றோ, பிறக்கும் பிள்ளைக்குக் கடும் குறைபாடு இருக்கும் என்றோ மருத்துவர் கருதினால் கலைக்கலாம் என்றுதான் இருக்கிறது. கருத்து மருத்துவருடையது, கரு மட்டும் அவளுடையது. உரிமையென்று நினைத்து நாம் கையில் வைத்திருப்பது ஓர் அனுமதிச்சீட்டு.

2021இல் திருத்தம் வந்தது. 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்துப் போதும். 20 முதல் 24 வாரம் வரை, குறிப்பிட்ட சில வகைப் பெண்களுக்கு மட்டும், இரு மருத்துவர் கருத்து வேண்டும். அதற்கு மேல், கருவின் கடும் குறைபாட்டை உறுதிசெய்ய மருத்துவ வாரியம் கூடவேண்டும். 'மணமான பெண் அல்லது அவள் கணவன்' என்று கருத்தடை தவறியதைப் பற்றிய விளக்கத்தில் இருந்த சொற்கள், 'எந்தப் பெண்ணும் அல்லது அவள் துணைவரும்' என்று மாறின. நல்லது, வரவேற்போம். ஆனால் 312ஆம் பிரிவு என்னவாயிற்று? 2024 சூலை முதல் நாள் பழைய தண்டனைச் சட்டம் போய், 'பாரதிய நியாய சன்கிதா' வந்தது. அடிமைச் சின்னத்தை அகற்றிவிட்டோம் என்று தில்லியிலே மேளம் கொட்டினார்கள். அந்தச் சன்கிதாவின் 88ஆம் பிரிவைப் புரட்டுங்கள். அதே மூன்றாண்டு, அதே ஏழாண்டு, அதே விளக்கம்! பெயரிலே வடமொழி ஏறியது. உள்ளே மெக்காலே அப்படியே உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சட்டத்தை நமக்குத் தந்த வெள்ளையரின் காமன்ஸ் அவையே 2025 சூனில், தன் கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணைக் குற்றவாளியாக்குவதைக் கைவிட வேண்டுமென்று பெரும்பான்மையாக வாக்களித்தது. எசமான் தூக்கி எறிய முன்வந்த சாட்டையை நம்மவர் கண்ணில் ஒற்றிக்கொள்கின்றனர்.

இனி, இத்தலைப்புக்கு உரிய செய்திக்கு வருவோம்.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தோன்றியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் பல்லாயிரம் உழைக்கும் பெண்கள் எழுத்துக் கற்றனர்; அதோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். வயலிலும் கல்லுடைக்கும் இடத்திலும் உழைத்தவர்கள், தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு தாமே மிதித்துச் சென்றனர். ஏளனம் செய்த ஆடவர்கள் இருந்தனர். ஆபாசமாகப் பேசியவர்களும் இருந்தனர். அந்தப் பெண்கள் பொருட்படுத்தவில்லை. கைநாட்டு வைத்த விரல், கையெழுத்துப் போட்டது! அந்தக் காட்சியைக் காண உலகமே புதுக்கோட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

அந்தக் கையெழுத்தைத்தான் சட்டமும் கேட்கிறது. கருக்கலைப்புக்கு 18 வயது நிறைந்த, மனநலம் குன்றாத பெண்ணின் இசைவு ஒன்றே போதும். அதற்கென விதிகளில் 'சி' என்னும் படிவம் உண்டு. அதில் கணவன் கையெழுத்துக்கு இடமே இல்லை! தந்தைக்கு இடமில்லை, மாமியாருக்கு இடமில்லை. ஆனால் நடப்பது என்ன? "வீட்டுக்காரரைக் கூட்டி வா" என்பதுதான் எத்தனையோ மருத்துவமனைகளில் அவள் கேட்கும் முதற்சொல். மணமாகாதவள் என்றாலோ, கேள்வியோடு ஏளனமும் சேர்ந்து வரும். மிதிவண்டியில் தனியே வந்த பெண்ணை, வாசலிலேயே நிறுத்தி, 'உன் சொந்தக்காரன் யார்?' என்று கேட்கிறார்கள். சொந்தக்காரன்! என்ன பொருத்தமான சொல் பாருங்கள். மாட்டுக்கும் அதே சொல், மனைவிக்கும் அதே சொல்.

இந்த 'உரிமையாளர்' ஒருவர் நீதிமன்றத்துக்கே போனார். தன் இசைவின்றி மனைவி கருவைக் கலைத்துவிட்டாள் என்று, மனைவி மீதும், அவள் உறவினர் மீதும், மருத்துவர்கள் மீதும் 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். பஞ்சாப்–அரியானா உயர்நீதிமன்றம் 2011இல் அவருக்கு இடமில்லை என்றது. மணவாழ்வுக்கு இசைந்ததனாலேயே பிள்ளை பெறவும் இசைந்துவிட்டாள் என்று கொள்ள முடியாது என்னும் கருத்துப்பட அந்தத் தீர்ப்பு அமைந்தது. 2017 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அவரது மேல்முறையீட்டைத் தள்ளியது. ஆகவே, தோழர்களே, கணவன் கையெழுத்தைக் கேட்பது சட்டமன்று, வழக்கம். வெறும் வழக்கம்! தீண்டாமை கூட வழக்கமாகத்தான் இருந்தது.

நீதிமன்றங்கள் எப்போதும் இப்படித் தெளிவாக இருப்பதாகவும் எண்ணிவிட வேண்டாம். 2022 செப்டம்பர் 29இல் உச்சநீதிமன்றம் அருமையான தீர்ப்பொன்றை வழங்கியது. மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை அந்த வழி திறந்திருக்க வேண்டும் என்றது. இச்சட்டத்தின் பொருட்டு, கணவனே மனைவியை வன்கொடுமை செய்தாலும் அது வன்கொடுமைதான் என்றது. பாராட்டினோம். மறு ஆண்டு அக்டோபரில் நடந்ததைக் கேளுங்கள். இரு பிள்ளைகளின் தாய்; வயது 27; மகப்பேற்றுக்குப் பிந்திய மனநோய்க்கு மருந்து உண்டு வந்தவள்; 26 வாரக் கருவோடு வந்து நின்றாள். அக்டோபர் 9ஆம் நாள், கலைக்கலாம் என்றது ஓர் அமர்வு. 11ஆம் நாள், அதே அமர்வின் இரு நீதிபதிகளும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தனர். 16ஆம் நாள், மூவர் அமர்வு கூடாது என்றது. ஒரு கிழமைக்குள் ஓர் உடம்பின் மீது மூன்று முடிவுகள்! கருவின் வளர்ச்சி அந்நிலையில் கடினமான வினாதான்; மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏழு நாளும் அவள் எப்படி உறங்கியிருப்பாள் என்று நினைத்தால் நமக்கு நெஞ்சு பதறுகிறது.

"கருவும் ஓர் உயிர் அன்றோ?" என்று கேட்பர் வைதிகர். கேட்கத் தகுந்த கேள்விதான். மறுமொழி சொல்லாமல் ஓடிவிட மாட்டோம்.

முதலில் ஒன்று கேட்போம். கலைந்துபோன கருவுக்கு எந்தப் புரோகிதர் கருமாதி செய்தார்? எந்தக் குடும்பம் பதினாறாம் நாள் படைத்தது? எவர் திதி கொடுத்தார்? செத்துப் பிறந்த சிசுவைக் கூட முழுச் சடங்கின்றிப் புதைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும் வைதிகம், பெண்ணின் உரிமை என்று பேச்செடுத்ததும் கருவுக்காகக் கண்ணீர் உகுக்கிறது. அந்தக் கண்ணீர் எந்தக் குளத்து நீர்?

அது கிடக்கட்டும். வாதத்துக்காக அது முழு உயிர் என்றே வைத்துக்கொள்வோம். பெற்ற மகனுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது, தந்தையுடையது பொருந்துகிறது, கொடுத்தால் மகன் பிழைப்பான், கொடுக்காவிட்டால் சாவான். தந்தை மறுக்கிறான். அவனைக் கட்டிப் போட்டு அறுத்தெடுக்கலாம் என்று இந்நாட்டில் எந்தச் சட்டமாவது சொல்கிறதா? 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் கொடுப்பவனின் மனமுவந்த இசைவை அல்லவா முதலில் கேட்கிறது! அந்தத் தந்தையைக் கல்நெஞ்சன் என்று தூற்றுவோம். ஆயினும் அவன் உடம்பைத் தொட மாட்டோம். ஒரு புட்டிக் குருதியைக் கூட வலிந்து எடுக்க மாட்டோம். பிறந்து, வளர்ந்து, 'அப்பா' என்று அழைக்கிற மகனுக்காக ஆணின் உடம்பைத் தொடக்கூடாது. இன்னும் பிறவாத ஒன்றுக்காகப் பெண்ணின் உடம்பை ஒன்பது திங்கள் கைப்பற்றலாம், அவள் எலும்பையும் குருதியையும் எடுத்துக்கொள்ளலாம், உயிரையே பணயமும் வைக்கலாம்! இதற்கு நியாயம் சொல்ல வாருங்கள், வைதிகரே.

உயிரின் மீது இத்தனை பரிவு காட்டிய சாத்திரம் விதவைகளை என்ன செய்தது? சிறுமிக்கு மணம் முடித்தது, கணவன் இறந்ததும் தலையை மழித்தது, மறுமணத்தை மறுத்தது, வீட்டிலுள்ள ஆடவரின் இச்சைக்கு இரையாக்கியது, வயிறு வளர்ந்ததும் 'பாவி' என்றது. 1881இல் சூரத்திலே விசயலட்சுமி என்னும் இளங்கைம்பெண், பழிக்கு அஞ்சிப் பிறந்த சிசுவைக் கொன்றாள் என்று தூக்குத் தண்டனை பெற்றாள். மேல்முறையீட்டில் அது நாடுகடத்தலாகக் குறைந்தது. 'கற்புக் கெட்டவள்' என்று ஏடுகள் தூற்றின. அந்தக் குழந்தைக்குத் தகப்பன் ஒருவன் இருந்தானே, அவன் பெயர் எங்கே? இதைக் கண்டு கொதித்துத்தான் மராத்தியப் பெண்மணி தாராபாய் சிண்டே 1882இல் ஆண்–பெண் ஒப்பீடு என்னும் தம் நூலை எழுதினார். அதற்கு முன்பே, 1863இல், பூனாவில் சோதிராவ் பூலே தம்பதியர் கைம்பெண்கள் மறைவாகப் பிள்ளை பெற இல்லமொன்று திறந்தனர். பரிவு என்றால் அது பரிவு! சாபம் கொடுப்பது பரிவன்று.

இது இந்துவின் நோய் மட்டுமன்று. அயர்லாந்திலே, நம் கருநாடகத்துப் பெல்காமிலிருந்து சென்ற பல் மருத்துவர் சவிதா, 2012 அக்டோபரில், காப்பாற்ற முடியாதென்று தெரிந்துவிட்ட 17 வாரக் கருவைக் கலைக்கும்படி கெஞ்சினார். கருவின் இதயம் துடிக்கிறது, ஆகவே சட்டம் இடந்தராது என்றனர். நஞ்சு உடலெங்கும் பரவி மாண்டார். கருவும் போயிற்று, தாயும் போனார். சட்டம் மட்டும் பிழைத்தது! 2018 மே மாதம் அந்நாட்டு மக்கள் வாக்குப் பெட்டியிலே அதற்கும் முடிவு கட்டினர்: மூவரில் இருவர் மாற்றத்துக்கு வாக்களித்தனர். நமக்கு அண்டையில் ஈழத்தமிழ்ப் பெண்களும் வாழ்கின்ற இலங்கையிலோ, தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருவைக் கலைக்கலாம் என்னும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவை தான் இன்னும் ஆள்கிறது.

இன்னொரு கேள்வி உண்டு; நேர்மையான தோழர்களே கேட்பது. "உரிமை உரிமை என்கிறீர்களே, பெண் சிசு என்று தெரிந்து கலைப்பதற்கும் அது துணைபோகாதா?" உசிலம்பட்டியின் கள்ளிப்பாலை மறந்தவர்கள் அல்லர் நாம். 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் தொடங்க வேண்டியிருந்தது என்பதும் தெரியும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 943 பேர்தான். மாவட்டத்தின் மொத்த மக்களில் 1000 ஆண்களுக்கு 1015 பெண்களைக் கொண்ட புதுக்கோட்டையும் தப்பித்தோம் என்று இருந்துவிட முடியாது. ஆனால் உற்றுப் பாருங்கள்: அங்கே முடிவெடுத்தவள் அந்தப் பெண்ணா? 'மூன்றாவதும் பெண் என்றால் வீட்டுப் படி ஏறாதே' என்றவன் யார்? நகைக்கடைக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் யார்? கொள்ளி வைக்க ஆண்பிள்ளை வேண்டும், இல்லையேல் 'புத்' என்னும் நரகம் என்று கதை கட்டியவர் யார்? கலைக்காதே என்று அவளைக் கட்டாயப்படுத்துவோரும், கலை என்று கட்டாயப்படுத்துவோரும் ஒரே வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கின்றனர். பாலினம் கண்டறிந்து சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அதை இம்மியும் தளர்த்த வேண்டாம். வரதட்சணைக்காரனையும், கருவி வைத்துக் காசு பார்ப்பவனையும் பிடியுங்கள். அவனைப் பிடிக்கத் துப்பில்லாமல், மாத்திரை கேட்டு வரும் ஏழைப் பெண்ணைக் கண்டு மருந்துக்கடைக்காரர் அஞ்சும்படி செய்வது எந்த ஊர் நிர்வாகம்? 2015இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் 1 கோடியே 56 இலட்சம் என்றும், அவற்றுள் மருத்துவ நிலையங்களில் நடந்தவை 22 விழுக்காடே என்றும் ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். மற்றவை மாத்திரையை நம்பியும், கைப்பழக்கத்தை நம்பியும், ஆலோசனை சொல்ல ஒருவருமின்றி நடந்தவை. சட்டம் வந்து 44 ஆண்டு கழிந்த பின் கண்ட காட்சி இது!

பெரியார் 1930ஆம் ஆண்டை ஒட்டியே 'குடி அரசு' ஏட்டில் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதினார். மற்றவர்கள் நாட்டின் வறுமையையும் குடும்பச் சொத்தையும் காரணம் காட்டிப் பிள்ளைப்பேற்றைக் குறைக்கச் சொன்னார்கள். அவரோ பெண் விடுதலையைக் காரணம் காட்டினார். இந்த வேற்றுமையைச் சிறிதென்று எண்ணாதீர். அரசுக்குத் தேவைப்படும்போது பிள்ளை வேண்டாம் என்பதும், தேவைப்படும்போது பெறு என்பதும் ஒரே ஆதிக்கத்தின் இரு முகங்கள். நெருக்கடி நிலையின்போது, 1976–77இல் மட்டும், 80 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை நடந்தது. விரும்பியா படுத்தார்கள் அத்தனை பேரும்? ருமேனியாவிலே 1966 முதல் 1989 வரை சௌசெஸ்கு, 'பெறு, பெறு' என்று கருக்கலைப்பைத் தடைசெய்து பல்லாயிரம் பெண்களைச் சாகடித்தான். எண்ணிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ பெண் ஒரு கணக்குப் புத்தகமா?

என்ன செய்யலாம்? தில்லி செய்யட்டும் என்று கைகட்டி நிற்கும் மரபு நமக்கு இல்லை. திருமணச் சட்டம் பொதுப்பட்டியலில் இருப்பது. ஆயினும் 1967இல் அண்ணா அரசு அதைத் திருத்திச் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட உரிமை தந்தது. சொத்துரிமையும் பொதுப்பட்டியல்தான், 1989இல் தமிழ்நாடு மகளுக்கும் பங்கு தந்தது, இந்தியா அதைச் செய்ய 2005 வரை காத்திருந்தது. குற்றவியல் சட்டமும் அதே பொதுப்பட்டியலில்தான் இருக்கிறது. 2025 சனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம், பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்ட, இதே நியாய சன்கிதாவைத் திருத்தும் மசோதாவை நிறைவேற்றியது. பெண்ணைத் தாக்குவோனுக்குத் தண்டனையைக் கூட்டத் தெரிந்த மன்றத்துக்கு, பெண்ணையே குற்றவாளியாக்கும் 88ஆம் பிரிவின் விளக்கத்தை நீக்க முடியாதா? அதில் இருப்பது ஒரே ஒரு வாக்கியம்.

அது வரும் வரையில், புதுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் கந்தர்வகோட்டையிலும் படிப்பகம் நடத்தும் தோழர்கள், அந்தச் 'சி' படிவத்தின் படி ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பெண்கள் கூடும் மகளிர் குழுக்களில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், இளைஞர்களுக்கும் சேர்த்துத்தான். "வீட்டுக்காரர் கையெழுத்து எங்கே?" என்று எந்த மருத்துவமனையிலாவது கேட்டால், "எந்த விதியின் கீழ்? எழுதிக் கொடுங்கள்" என்று பணிவாகக் கேட்கச் சொல்லுங்கள்.